மூன்றாவது உறுமல்

இருபத்தொன்று என்று எண்ணிக்கொண்டே பவுனுத்தாய் கயிற்றை இழுத்தாள். மிஷின் ஒரு தும்மல் தும்மிவிட்டு மறுபடியும் செத்துப்போனது. அப்படி நினைத்த வாக்கில், சீ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன வார்த்தை என்று தன்னையே வைதுகொண்டாள். நின்றுபோனது, அவ்வளவுதான், நின்றுபோனதை ஓட வைக்கலாம், அதற்குத்தானே வத்தலக்குண்டுக்கு மூன்று நடை போய்வந்தது. வலது தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. வாசலில் விரித்த சாக்கின்மேல் அது உட்கார்ந்திருக்கிற அழகைப் பார், கல்லுளிமங்கன், ஆரஞ்சு நிறமெல்லாம் வெளுத்துப் போய், மூடியில் ஒரு திருகைக் காணோம், பின் கைப்பிடியில் அவள் கிழித்துச் சுற்றிக்கொடுத்த நீலச் சேலைத் துணி மட்டும் எண்ணெயேறிக் கறுத்து அப்படியே இருந்தது. அந்தத் துணியை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். புருசன் வீரணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவளைக் கேட்காமல் அவள் அண்ணன் எவனுக்கோ தள்ளிவிட்ட மரம் அறுக்கிற மிஷின், இரண்டு வருசம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஒரு பழைய சாமான் கடையில் மிக்சிகளுக்கும் சைக்கிள் சக்கரங்களுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தது. எதுக்குத்தா உனக்கு அந்தச் சனியன் என்று அண்ணன் போனில் கத்தினான். வெறகு அறுக்க என்றாள். வெறகு அறுக்கவாம். அரிவாளும் கோடாலியும் எதற்கு இருக்கின்றன என்று அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. கபூர் பாய் நல்ல மனுசர், பட்டறையில் பிரித்துப் போட்டு, பழைய பெட்ரோல் பசையா ஒறைஞ்சு கெடந்துச்சும்மா, குழாயை மாத்திட்டேன், பிளக்கு புதுசு என்று காட்டினார். ஒரு தடவ ஓட்டிப் பாத்துரவா என்று கயிற்றில் கையை வைத்தபோது, வேணாம் பாய், வேணாம், நான் வீட்டுல போயி ஓட்டிக்கிறேன் என்று அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். பஸ் ஆரனுக்கும் டீக்கடைப் பாட்டுக்கும் நடுவிலா அந்தச் சத்தத்தை முதலில் கேட்பது? அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். சரிம்மா, சூடானதுக்கப்புறம் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க என்றார். எங்கே சூடாவது, பச்சைத் தண்ணியாட்டம் கிடக்கிறது. பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. இழுத்து இழுத்து உள்ளே நனைத்துவிட்டோம் போல, வீட்டுக்காரரும் இப்படித்தான், கொஞ்சம் மூச்சுவிடட்டும் கழுத என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்காருவார். அவளுக்குப் பீடி இல்லை. படியில் உட்கார்ந்து தோளைப் பிசைந்துவிட்டுக்கொண்டாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் அரிவாள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சோணமுத்து. மிளகுக் கொடிக்கு நிழலடிக்கிற கிளைகளைக் கழித்துக்கொண்டிருப்பான், ரெண்டு வெட்டு, ஒரு நிறுத்தம், ரெண்டு வெட்டு. ஆயிரம் அரிவாளில் அவன் அரிவாளைச் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு, எனக்கென்ன வந்தது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்த இரண்டு வருசமும் அவள் செய்கிற வேலைகளில் இதுதான் பெரிய வேலை. வீரணன் மரம் அறுத்த காலத்தில் மரத்தைச் சாய்க்கிற வடம் பிடித்தவன் அவன்தான். கூடப்பிறக்காத தம்பி. மிஷின் ஓடுகிற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பேச்சு கேட்காது என்பதால் இரண்டு பேரும் மிஷினாலேயே பேசிக்கொள்வார்கள். விசையை அமுக்கி அமுக்கி விட்டால் அது உறுமும். நீளமாக ஒன்று என்றால் தள்ளிப் போ. இரண்டு என்றால் அறுத்தாச்சு, வடத்தை இழு. இரண்டைக் கொடுத்துவிட்டு மிஷினை அணைத்து வீரணன் ஒதுங்கி நிற்பான், மரம் விழுகிற நீளத்துக்கும் தள்ளி மேட்டில் நிற்கிற சோணமுத்து இழுப்பான். மூன்று என்றால் சாப்பாடு. இந்த மூன்று மட்டும் இக்கரையில் அடுப்படியில் நிற்கிற பவுனுத்தாய்க்கும் சேர்த்தி. உலை கொதித்துக்கொண்டிருக்கும், களைந்த அரிசி சட்டியோடு கையில் இருக்கும், ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றாவது உறுமல் கேட்டதும் அரிசி உலையில் விழும். இரண்டு பேரும் ஓடையில் இறங்கி, கைகால் கழுவி, வெட்டிக்கதை பேசி, மேடேறி வந்து சேர்வதற்கும் சோறு வேகுவதற்கும் சரியாக இருக்கும். கைக்கடிகாரம் கட்டின பொம்பளைக்குக்கூட இவ்வளவு கணக்காக வடிக்க வராது என்று வீரணன் கேலி பண்ணுவான். பாராட்டு என்று ஒன்று அவன் வாயிலிருந்து வந்ததே கிடையாது, கேலிதான். மயினி, அண்ணன் மூணு குடுக்கறதுக்குள்ள நான் மனசுல பத்து குடுத்துர்றேன், அம்புட்டுப் பசி என்பான் சோணமுத்து. நீங்கள் ஒரு தடவைகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே என்று வீரணனிடம் ஒருநாள் கேட்டாள், கல்யாணமாகிப் பத்தொன்பது வருசத்துக்கப்புறம் கேட்டாள், அதற்கு அவன், தெனம் மத்தியானம் மல முழுக்கக் கேக்குற மாதிரி கூப்பிடுறேன், பத்தலையாக்கும் என்றான். அவளுக்கு அது போதுமாயிருந்தது. அதுதான் இப்போது வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அவன் முகம்கூட இல்லை, முகத்துக்குச் சுவரில் படம் இருக்கிறது.

எழுந்து வந்து சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, காலால் பின்கைப்பிடியை மிதித்துக்கொண்டு, மறுபடியும் இழுத்தாள். கயிறு. இவளும் கயிற்றைத்தான் இழுக்கிறாள், சோணமுத்துவும் அன்றைக்கு வடத்தைத்தான் இழுத்தான், இழுத்தால் ஒன்று வரும் இல்லாவிட்டால் ஒன்று விழும். இருபத்திரண்டு. அன்றைக்கு எஸ்டேட் ஆபீஸ் வாசலில் அத்தனை பேர் நின்றார்கள். சோணமுத்து மண்ணில் உட்கார்ந்திருந்தான், அவன் உள்ளங்கை இரண்டும் வடம் உரசித் தோலுரிந்திருந்தது. ரெண்டு கேட்டுச்சு, நின்னுச்சு, இழுத்தேன், இதை மட்டும்தான் அவன் சொன்னான், யார் எப்படிக் கேட்டாலும் இதையே சொன்னான். மரம் பாதிகூட அறுபடவில்லை, முன்பக்கம் ஒரு வாய் மட்டும் வெட்டியிருந்தது, ஆனால் உள்ளே கூடாக இருந்திருக்கிறது, இழுத்ததும் முறிந்துகொண்டு வீரணன்மேல் வந்துவிட்டது. காப்பிச்செடி ஆளுயரத்துக்கு மறைத்ததால் அடியில் யார் நிற்கிறார் என்று மேட்டிலிருந்து தெரியவில்லை. சரி, ரெண்டு குடுத்தவன் எதுக்குப்பா மரம் விழுற பக்கமே போயி நிப்பான், கிறுக்கனா அவன், போட்டிருந்தானோ என்று கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான். போட்டிருந்தானோ. ஒரு சொட்டு தொடாத மனுசனை. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் எழுந்து நின்றாள், மூணு, நான் என் காதால கேட்டேன், மூணு குடுத்தாரு, சாப்பாட்டுக்குத்தான் கூப்பிட்டாரு, இவந்தான் தப்பா இழுத்துட்டான் என்றாள். அவ்வளவு பேரும் சோணமுத்துவைப் பார்த்தார்கள். அவன் அவளைப் பார்த்தான், ஒரே ஒரு தடவை. மயினி சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்றான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் பாவி, சண்டை போட்டிருக்கலாம், நீ பொய் சொல்றே என்று கத்தியிருக்கலாம். இனிமே என் வாசல்ல கால் வைக்காதே என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள், அதற்கும் தலையை ஆட்டினான். அதற்குப்பிறகு அவனை யாரும் வடம் பிடிக்கக் கூப்பிடுவதில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு. அவள் கேட்டது இரண்டுதான். கையில் அரிசிச் சட்டியோடு, உலைக்கு முன்னால், மூன்றாவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். இரண்டுக்கப்புறம் அந்தப் பக்கம் ஓசையில்லை, சரி, சாப்பாடு இல்லை போல, வடம் இழுக்கச் சொல்கிறார் போல என்றுதான் நினைத்தாள், அப்புறம் மரம் விழுகிற சத்தம் வந்தது, அதுவும் தினம் கேட்கிற சத்தம்தான், அப்போதும்கூட அரிசியைப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

முப்பதாவதோ முப்பத்தொன்றோ, எண்ணிக்கை விட்டுப்போன இழுவையில் மிஷின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை குபுக்கென்று வந்து முகத்தில் அடித்தது, சாக்கின்மேல் அது கிடுகிடுவென்று ஆட, கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போயின. அவள் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இதுவா? இவ்வளவு அருகில் இருந்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை, ஓடையும் காப்பியும் மூங்கிலும் சலித்து அனுப்பின சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறாள், இது காதுக்குள் ஆணி அடிக்கிறது, பல்லெல்லாம் கூசுகிறது, ஐயோ, தினம் இதையா பிடித்துக்கொண்டு நின்றீர்கள், அதனால்தான் ராத்திரியில் நான் பேசுகிறதெல்லாம் ஊம் ஊம் என்று கேட்டுக்கொண்டீர்களா, காது கேட்காமலா? பத்தொன்பது வருசத்தில் இது தெரியவில்லையே எனக்கு. குனிந்து நீலத் துணி சுற்றிய கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். கனம் இடுப்பில் இறங்கியது. விசையில் விரல். செய்யாதே என்று உள்ளே ஒன்று சொன்னது, வீட்டுக்கு வந்துவிட்டது, ஓடுகிறது, அது போதும், அணைத்துவிட்டு உள்ளே வை. ஆனால் இதற்குத்தானே. இதற்குத்தானே கடை கடையாக அலைந்தது. மிஷின் ஒருவேளை அன்றைக்கு மூன்றாவதைக் கொடுக்காமல் மக்கர் பண்ணியிருக்குமோ என்று ஒருநாள் விடியக்காலம் படுக்கையிலேயே தோன்றியது, அன்றிலிருந்துதான் அலைச்சல். அப்படி மட்டும் இருந்துவிட்டால் அவர் கூப்பிட்டது சாப்பாட்டுக்கு. கடைசியாக நினைத்தது வீட்டை, அடுப்பை, இவளை. அப்படி இல்லையென்றால் அவர் கூப்பிட்டது வடத்தை, நினைத்தது மரத்தை, அவ்வளவுதான், நீ யார் அதில்? விரலை அமுக்கினாள். ஒன்று. விட்டு அமுக்கினாள். இரண்டு. மூன்றாவதும் வந்தது. கணீரென்று, ஒரு குறையும் இல்லாமல், மூன்றாவதும் வந்தது.

சரி. சரி, அவ்வளவுதான். மிஷின் நல்ல மிஷின், மூன்று கேட்டால் மூன்று கொடுக்கிறது. அப்போ அன்றைக்கு ரெண்டுதான். ரெண்டு கொடுத்துவிட்டு அவராகவே மரத்துக்கு அடியில் போயிருக்கிறார், எதற்கு, என்ன ஞாபகத்தில், கேட்க ஆள் இல்லை. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். போன மாசக் காற்றில் விழுந்த முருக்க மரம் வாசலோரத்தில் கிடந்தது. வெறகு அறுக்க என்றுதானே அண்ணனிடம் சொன்னாய், அறு. பல்லைக் கடித்துக்கொண்டு அதன்மேல் வைத்து அழுத்தினாள். சங்கிலி கட்டையில் ஏறிக் குதித்தது, பயந்துபோய்த் தூக்கினாள், மறுபடி வைத்தாள், அழுத்தாதடா, அதும்பாட்டுக்கு எறங்கட்டும் என்று அவர் யாருக்கோ சொல்லிக்கொடுத்தது நினைவு வந்தது, கையைத் தளர்த்தினாள், அதும்பாட்டுக்கு இறங்கியது. மெத்து மெத்தென்று மாவுபோல் தூள் காலில் கொட்டியது. அவர் சட்டையிலிருந்து உதறுகிற தூள், காதோரத்தில், இமையில், படுக்கை விரிப்பில், எத்தனை வருசம் கூட்டித் தள்ளியிருப்பாள், கடைசியாக அந்தச் சட்டையை உதறியபோது ஒரு கைப்பிடித் தூள் கிடைத்தது, அதைக் கொட்டாமல் தைலப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறாள், யாருக்கும் தெரியாது. ஒரு துண்டு விழுந்தது. அடுத்தது. துண்டு என்றதும் துண்டு ஞாபகம், அவர் துண்டும் தண்ணிக்கேனும் மரம் விழுகிற பக்கத்துச் செடியில்தான் தொங்கின. சோணமுத்து அதைக் கொண்டுவந்து கொடுத்தபோதுகூட அவள் கையில் வாங்கவில்லை, வேலியில் போட்டுவிட்டுப் போனான். துண்டை எடுக்கத்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறார். வேலை முடிந்த மனுசன்தானே துண்டை எடுப்பான்? வடம் இழுக்கச் சொன்னவன் எடுப்பானா? எத்தனை தடவை இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். துண்டு மூன்று என்கிறது, காது இரண்டு என்கிறது, இப்போது மிஷினும் துண்டைக் கைவிட்டுவிட்டது. இன்னொரு துண்டு விழுந்தது. வெயில் ஏறிவிட்டது, கண்ணில் வியர்வை வழிந்தது, மிஷினின் வயிற்றுப் பக்கம் தொடமுடியாமல் கொதித்தது. போதும், மரம் முடியவில்லை ஆனாலும் போதும். தூக்கி நிமிர்ந்தாள். அணைக்கப் போனவள் அணைக்கவில்லை. எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, ஒருதடவை, வெறும் ஆசைக்கு, பொய்க்காவது ஒருதடவை, உங்கள் குரலை நானே போட்டுக்கொள்கிறேன் என்று விசையை அமுக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கு விரல் அமுங்கியது, மிஷின் உறுமவில்லை. ஒரு சின்ன இருமல்கூட இல்லாமல் அப்படியே நின்றுபோனது.

வாசல் முழுக்க ஓசையற்றுப் போனது. கையில் கனக்கிற மிஷினோடு அவள் நின்றாள், விரல் இன்னும் விசையை அமுக்கிக்கொண்டே இருந்தது. சூடானதுக்கப்புறம் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. பாய், இப்படித்தான் ஓடுகிறது பாய். காலையிலிருந்து மத்தியானம்வரை அறுத்துச் சூடேறிய மிஷின், அன்றைக்கும் இப்படித்தான், சாப்பாட்டு நேரத்துக்கு எப்போதும் கொதித்துக்கொண்டுதானே இருக்கும். அவர் விரல் மூன்றாவது தடவையும் அமுங்கியது. வெளியே வரவில்லையே தவிர அமுங்கியது. நின்னுபோச்சா கழுத, இருக்கட்டும், அவளுக்குத் தெரியும் நேரம் என்று கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுக்கப் போயிருக்கிறார். வேலை முடிந்தது, பசிக்கிறது, வீட்டுக்குப் போகலாம். பவுனுத்தாய் மிஷினைச் சாக்கில் இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கூப்பிட்டீர்களா, என்னைத்தான் கூப்பிட்டீர்களா என்று வாய்விட்டுக் கேட்டாள். இப்போது அழுகை வந்தது. சந்தோசமாக இருந்தது, அவ்வளவு சந்தோசமாக இருந்தது அவளுக்கு, வெட்கமாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், எதிர்ப்பக்கத்து அரிவாள் சத்தமும் நின்றுபோயிருக்கிறது என்பது உறைத்தது.

சோணமுத்து ஓடையின் அந்தப் பக்க விளிம்பில் நின்றிருந்தான். அரிவாள் கையில் இல்லை, எங்கேயோ போட்டுவிட்டு வந்திருக்கிறான். இரண்டு உறுமலும் அதற்கப்புறம் ஓசையில்லாததும் அவனுக்கு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான், எதையாவது இழுத்துவிடுவோமோ என்று பயந்தவன் மாதிரி. இவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. அவனைப் பார்த்ததும், இரண்டு வருசமாக அந்த மனுசன் எதைச் சுமந்துகொண்டு கிளை கழித்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கோபத்தை அவன்மேல் போட்டுவைத்தால் வீரணன் கொஞ்சம் வீட்டோடு இருப்பதுபோல இருந்தது, அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்கிற பயம். இப்போது எடுத்தாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றாள்.

"சோணை, அது மூணு," என்றாள். குரல் அவ்வளவு தூரம் போகவில்லை போலிருந்தது. மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். "ரெண்டு இல்லப்பா. மூணு. வா."

அவன் நகரவில்லை. பிறகு ஓடையில் இறங்கினான். மூங்கிலுக்குள் மறைந்து, வெகுநேரம் கழித்து, இக்கரை மேட்டில் அவன் தலை தெரிந்தது. நரைத்திருந்தது. வேலிப் படலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டான், கால் மட்டும் உள்ளே வரவில்லை.

"மிஷின எங்க பிடிச்சீங்க மயினி?"

"வத்தலக்குண்டுல கெடந்துச்சு. கொதிச்சுக் கெடக்கு, தொட்டுறாத. சூடாயிட்டா மூணாவது குடுக்க மாட்டேங்குது, ரெண்டோட நின்னுபோகுது."

அவன் மிஷினைப் பார்த்தான். நீலத் துணியைப் பார்த்தான். அவனுக்குப் புரிவதற்கு நேரமாயிற்று, புரிந்த பிறகும் நம்புவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம்.

"நீங்க மூணு கேட்டதாச் சொன்னீங்களே."

"நானும் ரெண்டுதான் கேட்டேன்," என்றாள் பவுனுத்தாய். "ஊருக்கு முன்னால பொய் சொன்னேன் சோணை. நாளைக்கு ஆபீஸ் வாசல்ல, அதே இடத்துல நின்னு, பொய்னு சொல்றேன்."

அது அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அப்ப அண்ணன் சாப்பிடத்தான் கூப்பிட்டாரா?"

"சாப்பிடத்தான் கூப்பிட்டாரு. உன்னையும்தான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது. அவள் படலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்து உலையேற்றினாள், அரிசியை அளந்து களைந்தாள், கை தன்பாட்டுக்கு மூன்று பேருக்கு அளந்திருந்தது. தண்ணீர் கொதித்து மூடி ஆடத் தொடங்கியது. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், வழக்கப்படி ஒரு கணம் ஓடைப் பக்கம் காதைக் கொடுத்தாள். பிறகு அரிசியை உலையில் போட்டாள்.